நெடி வராத மிளகாய்

குஞ்சுகளைப் பார்க்க வந்த அக்கா, பார்த்து முடித்த பிறகு என் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, உங்கட வீட்டில எல்லாம் பொரிக்குது, எல்லாம் கொழுக்குது! என்னத்தைக் குடுக்கிறீர்?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மகளைத் தூக்கி, அவள் முகத்தை என் தோளுக்குள் திருப்பி வைத்துக்கொண்டேன். அதை அவர் கவனித்தாரா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அவர் என் கணவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவரின் மனைவி. பார்க் மெட்ரோ நிலையத்துக்குக் கிட்ட இருந்தார். என் கணவர் வீட்டில் காக்கட்டீல் வளர்த்தார். தலையில் கொண்டையும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டும் உள்ள சின்னக் கிளிகள் அவை. முந்திய வருடம் எங்களிடம் பொரித்த ஒரு சோடியை அவர்களுக்குக் கொடுத்திருந்தார். அந்தச் சோடி இரண்டு தரம் முட்டையிட்டும் ஒன்றும் பொரிக்கவில்லை. இப்போது மூன்றாம் தரமாக அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இதுவும் கூழ்முட்டைதான். லைற்றில பிடிச்சுப் பாத்தனான், உள்ளுக்க ஒண்டுமில்லை. எடுத்து எறிய மனம் வரேல்லை. அதுகள் பாவம், மாறிமாறிக் குந்திக்கொண்டு இருக்குதுகள்" என்றார் அக்கா. பிறகு எங்கள் கூட்டுப்பெட்டிக்குள் இன்னொருமுறை எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் செயின்ட்-மிஷேல் பகுதியில் இரண்டாம் மாடியில் இருந்தோம். சமையலறையை ஒட்டி ஒரு சின்னப் பின்னறை. அதில் பாதியைக் கணவர் கம்பிவலை அடித்துப் பறவைக்கூடாக்கியிருந்தார். இரண்டு சோடிகள், ஒரு சோடிக்கு மூன்று குஞ்சுகள். நான் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தேன். பிள்ளைக்கு இவற்றால் ஒரு இருமல் வந்தாலும் எல்லாம் வெளியே போகவேண்டும். காக்கட்டீலின் இறகிலிருந்து மா போல ஒரு தூள் கொட்டும். அதனால் தினமும் இரண்டு தரம் நிலத்தை ஈரத்துணியால் துடைத்தேன். மகள் தூங்கும்போது அவள் மூச்சை எண்ணினேன். எண்ணிக்கை கூடினால் பயம். குறைந்தால் அதைவிடப் பயம்.

அக்கா வந்துபோன ஞாயிறு பின்னேரமே மகள் சாப்பாட்டைத் தட்டிவிட்டாள். திங்கள் காலையில் பாலையும் குடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை. இடுப்பிலிருந்து இறங்காமல் சிணுங்கினாள். கணவர் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார். பல் முளைக்கிறதாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். உயர்தரத்தில் உயிரியல் படித்துச் சித்தியடைந்தவள் நான். ஆனாலும் "எல்லாம் கொழுக்குது" என்ற அந்தச் சொல் காதுக்குள் நின்றது. கண்ணூறு, நாவூறு எதுவானாலும் கழித்தால் நட்டமில்லை. செய்யாமல் விட்டுப் பிள்ளைக்கு ஏதாவது வந்தால் என்னை நான் மன்னிக்கமாட்டேன். இப்படித்தான் அந்தக் காலத்தில் நான் எந்த முடிவையும் எடுத்தேன்.

மூன்று செத்தல் மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்து மகளின் தலையை மூன்று முறை சுற்றினேன். துப்பச் சொன்னபோது அவளுக்குத் துப்பத் தெரியவில்லை, ஊதினாள். ஊரில் அம்மா இதை விறகடுப்பு நெருப்பில் போடுவார். எங்களிடம் இருந்தது சுருள்கம்பி மின்னடுப்பு. ஒட்டாத பூச்சுப் போட்ட, வறுக்கும் தாச்சியை வெறுமனே அதில் வைத்து, உச்சச் சூட்டுக்குத் திருப்பிவிட்டேன். அதற்குள் மகள் அழ, அவளைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய் ஆட்டினேன். எவ்வளவு நேரம் ஆட்டினேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாது.

அவள் தூங்கியதும் வந்து மிளகாயையும் உப்பையும் தாச்சியில் போட்டேன். போட்ட உடனே கருகின. நெடி வரவில்லை. கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடிக்காது, இல்லாவிட்டால்தான் வீடே இருமும் என்று அம்மா சொல்வார். இன்னும் இரண்டு மிளகாய் போட்டேன். அப்போதும் ஒன்றும் மணக்கவில்லை. அப்படியென்றால் அந்த அக்காவின் கண் இவ்வளவு பொல்லாததா என்று நினைத்தேன். மூன்று நாளாக எனக்குத் தடிமன், மூக்கு இரண்டும் அடைத்திருந்தது என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவேயில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு நின்றபோதுதான் வீட்டின் அமைதி உறைத்தது. குஞ்சுகளின் தகப்பனான ஆண் கிளி காலையில் விசிலடித்துக்கொண்டே இருக்கும். அதன் சத்தம் நின்றிருந்தது. பின்னறைக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. குஞ்சுகளின் சத்தம் கேட்கட்டும் என்று நான்தான் திறந்துவிட்டிருந்தேன். உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது.

ஆண் கிளி கூட்டின் தரையில் கிடந்தது. அலகைத் திறந்து மூச்சுக்கு இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. மற்றச் சோடியில் ஒன்று கம்பியைப் பிடித்துத் தொங்கி, பிடி விட்டு விழுந்தது. முதலில் குளிரென்று நினைத்தேன். பிறகு ஏதோ தொற்று என்று நினைத்தேன். அப்புறம் மகள் இதே காற்றைத்தான் மூச்சாக எடுக்கிறாள் என்று பட்டதும் ஓடிப்போய் அவளை எழுப்பினேன். நன்றாகத் தூங்கிய பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த அழுகை எனக்கு அப்போது தேவையாக இருந்தது.

தொலைபேசிப் புத்தகத்தில் கிடைத்த ஒரு மிருக வைத்தியரின் எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் வந்த பெண்ணுக்கு என் பிரெஞ்சு போதவில்லை. ஆங்கிலத்துக்கு மாறினார். பறவைகள் மூச்சுக்கு இழுக்கின்றன என்றதும் அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

"அடுப்பில் என்ன வைத்திருந்தீர்கள்?"

சொன்னேன். வெறும் தாச்சியா, ஒட்டாத பூச்சா, எவ்வளவு நேரம் என்று கேட்டார். அந்தப் பூச்சு மிஞ்சிச் சூடானால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புகை வரும், பறவையின் நுரையீரல் அதைத் தாங்காது என்றார். ஜன்னல்களைத் திறவுங்கள், பறவைகளைக் கொண்டுவாருங்கள், ஆனால் வந்து சேருமா என்று சொல்லமுடியாது என்றார். பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அதை மருத்துவத் தாதியிடம் கேளுங்கள் என்று வேறொரு எண் தந்தார். தாதி நிதானமாகப் பேசினார். வீட்டைக் காற்றாட விடுங்கள், பிள்ளையை அந்தக் காற்றிலிருந்து விலக்குங்கள், மூச்சில் மாற்றமோ காய்ச்சலோ கண்டால் உடனே கொண்டுவாருங்கள் என்றார்.

குளிருக்காக ஜன்னல்களில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். ஜனவரிக் காற்று வீட்டுக்குள் இறங்கியது. மகளுக்கு ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டு முன்கதவடியில் இருத்தினேன். திரும்பி வந்தபோது நான்கு கிளிகளும் அடங்கிவிட்டிருந்தன. தாய்க்கிளி கூட்டுப்பெட்டிக்குக் கீழே, தீன் கிண்ணத்தருகே கிடந்தது. சாப்பிட இறங்கிய நேரமாக இருக்கவேண்டும்.

பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஒரு குஞ்சு செத்திருந்தது. மற்ற இரண்டும், கண் அரைவாசி திறந்த அந்த இரண்டும், கழுத்தை நீட்டித் தலையை ஆட்டின. பெட்டி ஜன்னலோடு சேர்த்து அடிக்கப்பட்டிருந்தது. அதன் பின்னால் மட்டும் பிளாஸ்டிக் ஒட்ட முடியாமல் குளிர் கசியும். அதற்காகக் கணவரோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அந்தக் கசிவுதான் அவற்றைக் காப்பாற்றியதா என்று உறுதியாகச் சொல்லத் தெரியாது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். இந்த வயதுக் குஞ்சுக்கு இரண்டு மணிக்கொருதரம் தீன் வேண்டும், சூடும் வேண்டும். ஊசிக்குழாயால் கூழ் ஊட்டக் கணவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தவறிச் சுவாசக்குழாய்க்குள் போனால் என் கையாலேயே இவையும் போய்விடும்.

கூழ்முட்டையில் குந்தியிருக்கும் ஒரு சோடி ஞாபகம் வந்தது. அக்கா வீட்டு எண்ணை அழுத்த என் விரல் தயங்கியது.

"அக்கா, முட்டையள் இன்னும் இருக்கோ?"

"இருக்குது. ஏன், எடுக்கச் சொல்லுறீரோ?"

"எடுக்காதேங்கோ. நான் குஞ்சு கொண்டு வாறன்."

"தாய்க்கு என்ன?"

"செத்துப்போச்சுது அக்கா. நாலும்."

பிறகு, "பிள்ளை? பிள்ளைக்கு ஒண்டுமில்லையோ?" என்றார். செய்தி தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி அது. "இல்லை" என்றேன். "அப்ப வெளிக்கிடும். நான் மெட்ரோ வாசலில நிக்கிறன்."

மாஜரின் டப்பா ஒன்றில் துணி விரித்துக் குஞ்சுகளை வைத்தேன். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி அதனோடு சேர்த்து என் ஜாக்கெட்டுக்குள், நெஞ்சோடு அணைத்துச் சிப்பை இழுத்தேன். சூடு கூடிவிட்டதோ என்று இன்னொரு துவாய் சுற்றினேன். தெருவுக்கு வந்ததும் குறைந்துவிட்டதோ என்று அதை உருவினேன். தள்ளுவண்டி பனியில் சிக்கிச் சிக்கி உருண்டது. மெட்ரோப் படிகளில் முன்பின் தெரியாத ஒருவர் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கித் தந்தார். "மெர்சி" என்றேன். என் நெஞ்சு "கிறீச்" என்றது. அவர் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

"அம்மா, குவீ எங்கே?" என்றாள் மகள். கிளிகளை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"இஞ்சை, அம்மாட்டை."

"எல்லாக் குவீயுமோ?"

நான் அவள் மூக்குத்துளைகளைப் பார்த்தேன். விரிகிறதா, சுருங்குகிறதா? ஜான்-டலோன் நிலையம் வரை உள்ளே கிறீச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது. சிப்பைத் திறந்தால் குளிர் போகும். திறக்காவிட்டால் தெரியாது. பார்க் நிலையம் வரும்வரை திறக்கவில்லை.

அக்கா சொன்னபடி வாசலில் நின்றார். காலில் வீட்டுச் செருப்பு, மேலே கணவரின் பெரிய ஜாக்கெட். ஒன்றும் கேட்காமல் தள்ளுவண்டியை வாங்கித் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார்.

அவரது பெட்டிக்குள் ஆண் குந்தியிருந்தது. முட்டை அடைகாக்கும்போது பகலில் ஆண்தான் இருக்கும். அக்கா கையை உள்ளே விட்டதும் சீறி, விரலைக் கவ்வியது. "கடி, கடி. கடிச்சு முடிச்சிட்டுத் தீனைக் குடு" என்று அதனோடு கதைத்தபடியே இரண்டு கூழ்முட்டைகளை எடுத்துவிட்டு, துவண்டு கிடந்த குஞ்சுகளை அதன் வயிற்றின் கீழ் தள்ளினார். மூடியை விரலளவு திறந்து வைத்தார். சிலவேளை கொத்திக் கொன்றுவிடும் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கும் அது தெரியும். இருவரும் அந்த இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆண் எழுந்து கீழே பார்த்தது. தலையைச் சரித்து மற்றக் கண்ணாலும் பார்த்தது. பிறகு குஞ்சுகளின் மேல் அப்படியே குந்திவிட்டது.

"சூடேறட்டும். பேந்துதான் குஞ்சுகள் தீன் கேக்கும்" என்றார் அக்கா. "என்னெண்டு நடந்தது?"

"தாச்சி..." என்று தொடங்கினேன்.

"வெறுந்தாச்சியை ஏன் காய வைச்சனீர்?"

மிளகாய் வறுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அவர் விரலில் ரத்தம் துளிர்த்திருந்தது.

"நாவூறு கழிச்சனான் அக்கா. பிள்ளைக்கு. நேற்று நீங்கள் வந்திட்டுப் போன பிறகு அவ சாப்பிடேல்லை."

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. முகம் இறுகியது. என் மகளைப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கினார். அந்த விலக்கலை நான் இன்னும் மறக்கவில்லை.

"அப்ப என்ரை கண்ணோ?"

நான் மகளின் தொப்பியைக் கழற்றினேன்.

"உம்மட தாச்சி செய்த வேலைக்கு என்ரை கண்ணைக் குத்தாதையும், பிள்ளை" என்றார். "படிச்சனீர்தானே?"

"ஓம்" என்றேன்.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. தீன் வாங்கும் குஞ்சின், இயந்திரம் உதறுவது போன்ற சத்தம். ஒன்று, பிறகு இரண்டாவதும். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார். பிடித்தது நினைவு வந்ததும் விட்டார்.

நாலரைக்குக் கணவர் அங்கேயே வந்து சேர்ந்தார். வேலை முடிகிற நேரத்தில் அக்காவின் கணவருக்குத் தகவல் போயிருந்தது. மகளைத் தூக்கி அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். "சாப்பிட்டவவோ?" என்றார். அக்கா கொடுத்த இடியப்பத்தை அவள் மிச்சமில்லாமல் சாப்பிட்டிருந்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்ன வறுத்தனீர்?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா குறுக்கிட்டார். "செத்தல் மிளகாய் தம்பி. தூளுக்கு. இனி அந்தத் தாச்சியை எறியுங்கோ."

கணவர் தலையாட்டினார். அந்த நான்கும் செத்த குஞ்சும் எங்கள் வீட்டுப் பின்பல்கனியில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் ஏப்ரல் வரை இருந்தன. மண் இறுகிக் கிடந்ததால் புதைக்க முடியவில்லை. தாச்சியை நானே எறிந்தேன். முழுக் கதையை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதற்கு நன்றி சொல்லவும் எனக்கு இடம் வாய்க்கவில்லை. அதற்கு அந்தக் கதையைத் திரும்ப எடுக்கவேண்டும்.

ஐந்து கிழமை கழித்துக் குஞ்சுகள் பெட்டியை விட்டு வெளியே வந்த செய்தி கிடைத்ததும் மூவரும் போனோம். இரண்டும் கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் குந்தியிருந்தன. நெஞ்சு நிமிர்ந்து, இறகு மினுங்கி, அந்த ஆணோடு ஒட்டிக்கொண்டிருந்தன. "எவ்வளவு வடிவாக் கொழுத்திருக்குதுகள்" என்ற வசனம் என் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும், சொல்லும்" என்றார். "எங்கட வீட்டுத் தாச்சி அலுமினியம்."

கணவர் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.