ஆந்தைக்குச் சொன்ன தவணை

அடிபட்ட காட்டுயிர்களைத் தேற்றி அனுப்பும் ஓர் இயற்கை மையத்தில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஆந்தைதான் எனக்குப் பிடித்த பாடம். "ஆந்தை அலறினா ஊட்டுக்கு ஆகாதுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க சாமி" என்று முழங்குவேன். பேச்சில் என்னை மிஞ்ச ஆளில்லை.

எங்கள் கோழிப்பண்ணையின் தீவனக் குடோன் பரணில் ஒரு ஜோடி ஆந்தை குடியிருந்தது. பெட்டை ஒருநாள் வலையில் சிக்கிச் சிறகை முறித்துக்கொண்டது. நானே அதைச் சாக்கில் சுற்றி மையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே சிறகு கூடியது. "புடிச்ச எடத்துலயே உட்டரலாமுங்க. ஜோடி காத்துக்கிட்டிருக்கும்" என்றார் டாக்டர். உண்மைதான். ஆண் தினமும் பொழுது சாய்ந்ததும் கூரையில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் என் மகளுக்கு நிச்சயம். குலதெய்வக் கோயிலில் பூ வாக்குக் கேட்டு, நல்லபடியாகக் கிடைத்து, பரமத்தி வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் ஆந்தை அலறினால்? "ஊட்டுல விசேஷமுங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று டாக்டரிடம் தவணை சொன்னேன். அதோடு விட்டேனா? கோழி மிரண்டால் முட்டை குறையும் என்று கணவர் தடுத்தும் கேட்காமல், குடோனுக்குள் பட்டாசு வெடிக்க வைத்தேன். ஆண் பறந்துபோனது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்காகவே சொன்னது.

நிச்சயம் முடிந்து சாப்பிட்டுக் கை கழுவியதும் சம்பந்தியம்மா என் அருகில் வந்தார்.

"எங்க அண்ணன் பேத்தி உங்க கிளாசுக்கு வந்தவளுங்க. அவ சொன்னதுலருந்து எங்க வெத்தலைத் தோட்டத்துல ஆந்தையை யாரும் வெரட்டறதில்லீங்க. உங்க குடோன்ல ஒரு ஜோடி இருக்குதாமா, பாக்கோணுமுங்க."

கூட்டிப்போனேன். வேறென்ன செய்ய? பரணை அண்ணாந்து பார்த்தவர், காலடியில் கிடந்த பட்டாசுக் காகிதத்தைக் கண்டார்.

"இதென்னங்க?"

"நிச்சயத்துக்கு வெடிச்சதுங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் காகிதத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

பிறகு பெட்டையைக் கொண்டுவந்து விட்டார்கள். பொழுது சாய்ந்ததும் அது கூரையில் உட்கார்ந்து அலறுகிறது. நான் அடுப்படியில் கைவேலையை நிறுத்திவிட்டு, இன்னொரு குரல் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.