வடக்கே தெளிந்த வானம்

1968 டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தின் மேல் மூட்டம் போட்டிருந்தது, தூறல் இல்லை. எனக்குப் பதினோரு வயது.

சித்தப்பா பட்டாளத்தில், வடக்கே பனிமலையில் இருந்தார். அவரோடு வேலை பார்த்த வன்னியம்பட்டிக்காரர் இரண்டு மாத விடுப்பு முடிந்து அன்று ரயிலேறினார். அவரிடம் கொடுத்தனுப்ப, ராஜபாளையத்திலிருந்து சித்தியும் நானும் வந்திருந்தோம். கையில் இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் ஆறு ஜோடி கம்பளிக் காலுறை. இருப்பதெல்லாம் நைந்துவிட்டதென்று சித்தப்பா எழுதிக் கேட்டது. மற்றதில் வழியில் வாங்கிய இரண்டு கிலோ பால்கோவா.

"தங்கச்சி, பெட்டியில ஒண்ணுக்குத்தான் எடம். சட்டுனு சொல்லு" என்றார் அவர்.

சித்தி என்னைப் பார்த்தாள். அந்த ஐப்பசியில் பேப்பரைப் படித்து, காற்றழுத்தத் தாழ்வு வருகிறதென்று நான் சொன்ன இரண்டு தடவையும் மழை கொட்டியது. களத்தில் கிடந்த கடலை தப்பியது. அதிலிருந்து வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு.

"ஏலே, அங்க இப்ப எப்படி இருக்காம்?"

"வடக்க அழுத்தம் உயர்வா இருக்காம் சித்தி. தாழ்வுன்னாத்தான மழை, புயலு. உயர்வுன்னா வானம் தெளிஞ்சு வெயிலடிக்கும்."

"நான் வரும்போதும் அம்புட்டு குளிரு இல்ல. வாத்தியாரு சொன்னாச் சரிதான்" என்று சிரித்தார் வன்னியம்பட்டிக்காரர்.

"அப்பம் காலுறையப் பொங்க கழிச்சுத் தபால்ல அனுப்பிக்கிடுவோம்" என்று பால்கோவாவை நீட்டினாள் சித்தி.

உயர் அழுத்தத்தில் காற்று கீழே அமிழும், மேகம் சேராது. மூடுவதற்கு ஒன்றுமில்லாத தரை, இரவில் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் நாள்கணக்கில் தேங்கி நிற்கும். இதை நான் கல்லூரியில் படித்தபோது எட்டு வருடம் கடந்திருந்தது. இப்போதும் வடக்கே குளிர் அலை என்று செய்தி வந்தால், கைபேசியில் வானிலைப் படம் போட்டு அழுத்தக் கோடுகளை எண்ணுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

காலுறை போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். சித்திரையில் கம்பு ஊன்றி வீட்டுக்கு வந்தார்.

"பால்கோவா நல்லாத்தான் இருந்துச்சு. எட்டுப் பேரு தின்னோம். ஆமா, காலுறைய ஏன் கொடுத்து விடல?"

"நாந்தான். இனிப்புன்னா உங்களுக்கு உசுராச்சேன்னு" என்றாள் சித்தி, என் பக்கம் திரும்பாமல்.

நான் சொன்னதை அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் அதன் பிறகு என்னிடம் பேப்பரில் என்ன போட்டிருக்கிறதென்று கேட்டதே இல்லை என்பதும் அப்போது உறைக்கவில்லை. உட்கார்ந்து சித்தப்பாவின் கால்விரல்களைத்தான் எண்ணிப் பார்த்தேன். இடது காலில் மூன்று விரல் இல்லை, வலது காலில் ஒன்று. மொத்தம் நான்கு.