ரப்பர் மரத் தூண்கள்

"தாளுல கோடு போட்டா வீடு நின்னுருமா, படிச்ச நாத்தனாரே?"

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், பீடோரை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அண்ணி என்னைக் கேட்ட கேள்வி இது. போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கும் லாரி, கூலிக்காரர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. அண்ணனைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. மூவருமாகக் காட்டோர ஆற்றங்கரைக்குப் போய்க் குடிசை போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தோம். அண்ணி நான்கு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குள் நனையாத ஓர் இடம் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டை நான்தான் வரைவேன் என்று அடம்பிடித்தேன். பழைய பள்ளி நோட்டில் கூரைச் சரிவு, வாசல் எல்லாம் அளவோடு போட்டேன். உட்கார்ந்தபடியே ஆற்றைப் பார்க்க ஒரு தாழ்வான சன்னலும் வைத்தேன். தூணுக்கு ரப்பர் மரம். மரவள்ளி நடுவதற்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் எங்கும் கிடந்தன. பிறந்ததிலிருந்து அதைத்தானே பார்க்கிறோம், அதைவிட நமக்குத் தெரிந்த மரம் எது?

"ரப்பர் மரமா? வெறகா அடுக்கி வச்சாலே ரெண்டு மாசத்துல மாவாக் கொட்டும் லா. அதுமேல கூரையா?" என்றார் அண்ணி.

"அடுப்பு வேற, வீடு வேற அண்ணி," என்றேன். அண்ணன் கத்தி தீட்டத் தொடங்கினார்.

அத்தாப்பு ஓலைக் கூரையும் மூங்கில் தட்டிச் சுவருமாகக் குடிசை எழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலையில், கிழங்குத் தட்டின் மேல் வெள்ளை மாவு விழுந்திருந்தது. தூணை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. வண்டு துளைத்து உளுத்துவிட்டது. வாசல் பக்க மூலை சாய்ந்து கதவு தரையில் உரசியது. அண்ணிக்கு எட்டாம் மாதம். மழைக்காலமும் நெருங்கிவிட்டது.

உட்கார்ந்து அழுதேன். சொன்னேனே என்று அண்ணி திட்டுவார் என நினைத்தேன்.

"அழுதா தூணு நிமிருமா புள்ள? அந்தச் சன்னலு நல்லாருக்கு, அத மட்டும் மாத்திராத. அக்கரையில மலாய்க்காரவுங்க வீடு எதுமேல நிக்குதுன்னு பாத்துட்டு வா, போ."

போனேன். அந்த வீட்டு அம்மாள் சதுப்பில் வளரும், வண்டு துளைக்காத நிபோங் பனையைக் காட்டி, வெட்டுவதற்குத் தன் பாராங் கத்தியையும் கொடுத்தார். நானும் அண்ணனும் கூரையைப் பிரிக்கவில்லை. பழைய தூணுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி, நிபோங்கை நிறுத்திக் கட்டிய பிறகு பழையதைப் பிடுங்கினோம். ஆறு தூணுக்கு ஆறு நாள் ஆனது. அண்ணி பாயில் உட்கார்ந்துகொண்டு, "இன்னுங் கொஞ்சம் சாயுது, எஞ்சினியர் தொரையம்மா!" என்று கூவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம், விடாமல் கொட்டிய மழையில் அண்ணிக்கு மகள் பிறந்தாள். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. லாரியும் கடைசிவரை காட்டுப்பக்கம் வரவில்லை.

இப்போது ஜப்பான்காரன் சண்டை முடிந்துவிட்டது. படித்தவள் என்ற பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை, ஆனால் கேட்காமல் வரைகிற தைரியம் போய்விட்டது. ஈப்போவுக்கு வெளியே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்திருக்கிறது. நேற்று அண்ணியை அங்கே அழைத்துப் போனேன். எங்கே எந்த மரம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, அதன் பிறகே நான்கு மூலைக்கும் முளைக்குச்சி அடித்தேன்.