கடலடி மண்ணும் லயத்து ஜன்னலும்

எரிபொருள் தட்டுப்பாட்டில் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, என் பேராசிரியையிடம் கேட்டு ஒரு நுணுக்குக்காட்டியையும் ஒரு பெட்டி மாதிரிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மலையகத்தில் எங்கள் ஊரான வட்டவளை வரை ரயிலில் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

பெட்டியில் இருந்தது இலங்கைக்குத் தென்மேற்கே கடலடியில் குழாய் இறக்கி எடுத்த மண். அதை அலசிக் காயவைத்தால் மணலைவிடச் சிறிய சுண்ணாம்பு ஓடுகள் மிஞ்சும். கடலின் மேல்மட்டத்தில் மிதந்து வாழ்ந்து, செத்து, அடியில் படிந்த ஒற்றைக்கல உயிர்களின் ஓடுகள். அவற்றில் ஓர் இனத்துக்கு நான்கு உருண்டைகளை ஒட்டவைத்தது போன்ற உடம்பு, அகன்ற வாய். தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கி வீசும்போது ஆழத்திலிருக்கும் சத்துள்ள நீர் மேலே வரும், கடலில் உணவு பெருகும், இந்த இனமும் பெருகும். ஒவ்வொரு மண்படையிலும் அது எவ்வளவு என்று பார்த்தால், அந்தக் காலத்துக் கடலின் செழிப்பை ஊகிக்கலாம்.

மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் ஜன்னலோர வெளிச்சத்தில் உட்கார்ந்து எண்ணினேன். மூடுபனி இறங்கினால் வேலை நின்றுவிடும். ஒரு நாள் காலையில் நடுப்படை ஒன்றின் மாதிரித் தட்டைத் திறந்தேன். பார்க்கும் இடமெல்லாம் அந்த அகன்ற வாய்தான். அதற்கு வெகு மேலே இருந்த படையிலும் வெகு கீழே இருந்த படையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்த்திருந்தேன்.

சந்தோஷத்தோடு சந்தேகமும் வந்தது. ஆசைப்பட்டதைத்தான் கண் பார்க்கிறதோ?

கொழும்பில் தையல் தொழிற்சாலையில் வேலை குறைந்து வீட்டுக்கு வந்திருந்த அக்காவைக் கூப்பிட்டேன். எந்தத் தட்டு எந்த ஆழம் என்று தெரியாமல் அவள் எண்ண வேண்டும். ஆழம் எழுதிய இடங்களை அவளுடைய வெவ்வேறு நிற ஸ்டிக்கர் பொட்டுகளால் மூடிக் கலைத்து வைத்தேன். நான் எதிர்பார்ப்பது என்ன என்பதையும் சொல்லவில்லை. முதலில் அவள் ஐந்து உருண்டை உள்ளதையும் சேர்த்துவிட்டாள். இரண்டு நாள் பழகிய பிறகு கண் பிடிபட்டது. நம்முடைய இனம் ஒன்றுக்கு ஒரு பயறு ஒரு டம்ளரில், மற்றது எதுவானாலும் இன்னொரு டம்ளரில்.

மலையில் கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "கடல்ல கெடக்குற மண்ண மலைக்குத் தூக்கியாந்து எண்ணுறீங்களா?" என்று கேட்டு, பயறை வீணாக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

கறுப்புப் பொட்டுத் தட்டில் அக்கா நிமிர்ந்தாள்.

"என்னடி இது? இதுல மட்டும் எல்லாம் வாயத் தொறந்துகிட்டு இருக்கு."

நான் அடுத்த தட்டை எடுத்து வைத்தேன். எல்லாத் தட்டும் முடிந்த பிறகுதான் பொட்டுகளை உரித்தோம். கறுப்புப் பொட்டின் கீழே இருந்தது அதே நடுப்படை. அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றியதில் ஒரு டம்ளர் கவிழ்ந்து பயறு வீடு முழுக்க உருண்டது.

சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவுக்குக் குடையைக்கூட விரிக்காமல் ஓடிப் பேராசிரியைக்கு அழைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டார். இன்னும் திறக்காத பக்கத்துப் படைகளையும் எண்ணாமல் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். போனை வைப்பதற்கு முன்னால், தனக்கும் பரபரப்பில் உட்கார முடியவில்லை என்றார்.

அந்தப் படைகளையும் நாங்கள் இருவருமே எண்ணினோம். எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நடுவில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கியது. அது தற்செயல் இல்லை. அந்தக் கடல் ஒரு காலத்தில் உண்மையாகவே செழித்திருந்தது.

அன்று சாப்பிடும்போது அம்மா கேட்டார். "காத்து அம்புட்டு பலமா அடிச்சிருந்தா, இங்கயும் மழை கூடத்தானே பேஞ்சிருக்கும்?"

"தெரியலம்மா. இந்த ஓடு கடலைப் பத்தித்தான் சொல்லுது. மழைக்கு வேற மண்ணு தேடணும்."

எங்கே தேடுவது என்று அக்கா உடனே கேட்டாள். கொத்மலைப் பக்கம் பழைய சேற்றுப் படிவுகள் இருக்குமா என்று மூன்று பேரும் பேசத் தொடங்கினோம். சோறு ஆறிப்போனது.