தண்ணீர் ஊற்றாத காகிதப்பூ

எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற காகிதப்பூச் செடியை எனக்குப் பிடிக்காது. அதை நட்டவர் என் வீட்டுக்காரர். லீவு முடிந்து சவுதிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் நட்டார். "பெத்த புள்ள மாதிரி பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சொல்லும்போது அது அவருக்கு நினைவில்லை போலும்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் வீடியோ கால் வரும். சலாம் சொன்ன கையோடு, "போனைத் திருப்பு, செடியக் காட்டு" என்பார். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று ஒரு பேச்சுக் கிடையாது. பாம்பனில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. வண்டியில் வருகிற நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துத்தான் குடிக்கிறோம். அதில் பாதியைச் செடிக்கு ஊற்றச் சொன்னார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. செடி ஆளுயரம் வளர்ந்த பிறகு ஒருநாள் ஊற்றுவதை நிறுத்தினேன். காய்ந்து சாகட்டும் என்றே நிறுத்தினேன்.

சனியன், பூத்துத் தள்ளியது. காகிதப்பூ தண்ணீர் இல்லாமல் காய்ந்தால்தான் அதிகம் பூக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இலையே தெரியாமல் பூத்து, கனம் தாங்காத கிளைகள் வளைந்து கேட்டை மறித்தன. வருகிறவர் போகிறவரையெல்லாம் முள் கிழித்தது. போனில் பார்த்தவருக்கு வாயெல்லாம் பல்.

"நல்லாத்தான் தண்ணி ஊத்தியிருக்க. கிளை ஒடிஞ்சிரும் புள்ள, தூக்கிக் கட்டு" என்றார்.

பழைய வலைக்கயிற்றை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். கச்சான் காற்று ஓர் உலுக்கு உலுக்க, கிளை என் மேல் சாய, சிமெண்டுத் தரையில் விழுந்தேன். எனக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டு லாத்தாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அன்று வீடியோ கால் வந்ததும், "செடியக் கட்டயில விழுந்துட்டேன் மச்சான்" என்றேன்.

"கிளை ஒடிஞ்சிருச்சா?" என்றார்.

இடது கையால் போனைப் பிடித்துச் செடியைக் காட்டினேன். கிளை ஒடியவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலையில் அரிவாளை இடது கையில் எடுத்தேன். பழக்கமில்லாத கை, கன்னாபின்னாவென்று விழுந்தது வெட்டு. பூவும் முள்ளுமாக அத்தனை கிளையையும் தெருவுக்கு இழுத்துப் போட்டேன். எட்டிப் பார்த்த லாத்தா, "வெட்டிவிட்டா நல்லாத் துளிர்க்கும்மா" என்றார். அது துளிர்ப்பதற்காக நான் வெட்டவில்லை.

அசருக்குப் பிறகு கால் வந்தது.

"செடியக் காட்டு."

"வெட்டிட்டேன்."

காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் போனை என் முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தேன். அறிவிருக்கா, ஒரு செடியப் பாக்கத் துப்பில்லையா என்று அவர் பாட்டுக்குக் கத்தினார். முகத்தைப் பார்த்தபடி அவ்வளவு நேரம் அவர் என்னிடம் பேசியதே இல்லை. நழுவிய முக்காட்டை வலது கையால் இழுத்து விட்டேன். பேச்சு பாதியில் நின்றது.

"கையில என்னா கட்டு?"

"விழுந்துட்டேன்னு நேத்தே சொன்னேன். நீங்க கிளையக் கேட்டீக."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உடனே மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை.