விசிறியை நிறுத்தச் சொன்னவள்

மெஹருன்னிசா போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது, என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதை நிறுத்தினேன். இங்கே அஞ்சலிக்கு வந்திருக்கிறவர்களில், அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு ஏன் என்று தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபதுகளில், செங்கல்பட்டில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அவள் லேப், நான் நர்ஸ். கர்ப்பிணிகளின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மருந்தோடு கலந்து, திரிகிறதா என்று பார்ப்பாள். திரிந்தால் அந்த ரத்தம் ஆர்.எச். பாசிட்டிவ், திரியாவிட்டால் நெகட்டிவ். மே மாதமானாலும் அப்போது விசிறி ஓடக் கூடாது. காற்றில் துளியின் ஓரம் காய்ந்தால், திரிந்தது போலவே ஏமாற்றும். "ரெண்டு நிமிசம் வேர்த்தா செத்தா பூடுவீங்க?" என்பாள். புழுக்க ராணி என்று அவளுக்குப் பெயரே வைத்திருந்தோம்.

அவள் விடுப்பில் இருந்த ஒருநாள், மாமல்லபுரத்துக்குப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து கோகிலா என்ற நிறைமாதக்காரி வந்தாள். நான்தான் ரத்தம் பார்த்தேன், விசிறி ஓட ஓட. அட்டையில் பாசிட்டிவ் என்று எழுதி அனுப்பினேன். மெஹர் திரும்பி வந்ததும், வழக்கம்போல ஐஸ்பெட்டியில் மிச்சமிருந்த ரத்தத்தையெல்லாம் மறுபடி பார்த்தாள்.

"லலிதா, இது நெகட்டிவ்டி."

விசிறியை நிறுத்தாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவமான மூன்று நாளுக்குள் ஊசி போட்டாக வேண்டும். தவறினால், அடுத்த பிள்ளையின் ரத்தத்தைத் தாயின் உடம்பே அழித்துவிடக்கூடும்.

டாக்டரம்மா கொடுத்த ஊசி மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். சவுக்குத் தோப்புகள் ஒன்றின்பின் ஒன்றாக வந்து போயின. வெயிலில் கடல் எங்கோ மேலே மிதப்பது போலிருந்தது. மெஹர் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

கோகிலா முந்தின நாளே வீட்டில் பெற்றுவிட்டிருந்தாள். பிள்ளையின் குதிகாலில் மெஹர் ஒரு துளி எடுத்து, கையோடு கொண்டுபோன தகட்டில் சோதனை மருந்தோடு கலந்தாள். குடிசைக்குள் கடற்காற்று அள்ளியது. அதை நிறுத்த எந்த சுவிட்சும் இல்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முந்தானையால் தகட்டை மறைத்துக்கொண்டாள். அந்த இரண்டு நிமிடமும் அலைச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

பிள்ளை பாசிட்டிவ்.

"கொயந்த நல்லாத்தான கீது, ஊசி இன்னாத்துக்கு?" என்றான் கோகிலாவின் புருஷன்.

"இது இந்தக் கொயந்தைக்கு இல்ல அண்ணாத்த. இன்னும் வராத கொயந்தைக்கு."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

நான் சிரிஞ்சில் மருந்தை ஏற்றத் தொடங்கினேன்.

"எங்க தப்பு," என்றாள் மெஹர். அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவள்.

ஊசியை நான் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, கோகிலா இரண்டாவது பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கொழுகொழுவென்று ஒரு பெண். கோகிலா அதை மெஹரிடம் நீட்ட, அவள் வாங்கி அப்படியே என் கையில் வைத்தாள்.

"ஊசி போட்டவ இவதான்," என்றாள்.

அந்தப் பிள்ளையின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது, மெஹர். அதை மட்டும் நான் இறக்கிவைக்க மாட்டேன்.