சென்றாயன் காப்பாற்றிய செடிமிளகு

நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் இருபத்தேழு வருடமாகச் சூப்பர்வைசராக இருக்கும் சென்றாயனின் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. கடைசி ஷெட்டின் கடைசிக் கூண்டில் ஒரு கோழி கழுத்தைத் தொங்கப்போட்டால் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். வீட்டில் மனைவி கோகிலவாணி காய்ச்சலில் படுத்திருந்தது மட்டும் அவருக்கு எட்டாம் நாள்தான் தெரிந்தது. அதையும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான்.

காய்ச்சல் விட்டதும் கோகிலவாணி பையைத் தூக்கிக்கொண்டு ஜேடர்பாளையத்தில் இருக்கும் மகள் இலக்கியா வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது வாசலோரத்து நீலப் பெயிண்ட் வாளியைக் காட்டினாள். அதில் அவள் நான்கு வருடமாக வளர்க்கும் செடிமிளகு இருந்தது. கொடியாக ஏறாமல் குத்தாக நின்று, பச்சை மணிகளைச் சரம் சரமாகத் தொங்கவிடும் செடி. காலை வெயில் மட்டும் படவேண்டும், உப்புத் தண்ணி ஆகாது, அரிசி கழுவின தண்ணி போதும் என்று சொன்னாள். கடைசியாக இன்னொன்றும் சொன்னாள்.

"இந்த ஒரு உசுரையாவது பாத்துக்கறீங்களான்னு பாக்கறனுங்க. காய் செவந்ததும் வாரேன். செடி இருந்தா இருக்கறேன்."

இருபதாயிரம் உயிர்களைக் கட்டி மேய்ப்பவருக்கு ஒரு செடி எம்மாத்திரம்? பத்து நாள் சொன்னபடி ஊற்றினார். செடியும் சொன்னபடி இருந்தது. வந்து பார்ப்பவள் அசந்துபோக வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆசை வந்த நாமக்கல்காரர் வேறு எங்கே போவார்? கூண்டுக்கு அடியிலிருந்து, ஆவி பறக்கும், மட்காத கோழி எருவை அரை மூட்டை அள்ளி வந்து வாளி வழிய வழியப் போட்டார்.

மூன்றாம் நாள் இலையோரம் கருகியது. சென்றாயன் பதறவில்லை. தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, முறைப்படி சோதித்தார். கோழிக்கு வரும் அம்மை இல்லை, வெள்ளைக்கழிச்சலும் இல்லை என்பது உறுதியானது. கோழிக்குக் கொடுக்கும் வைட்டமினைத் தண்ணீரில் கலந்து ஊற்றினார். ஒரு வாரத்தில் இலை, சரம் எல்லாம் உதிர்ந்து நாலு குச்சிதான் மிஞ்சியது.

மறுநாள் பண்ணைக்கு லீவு போட்டார், இருபத்தேழு வருடத்தில் மூன்றாவது லீவு. தம்மம்பட்டிப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணைக்கு வண்டியை விட்டு, அதே உயரத்தில் மிளகுக் கன்று ஒன்று வாங்கி வந்து நீல வாளியில் நட்டார். பழைய குச்சிகளைத் தூக்கி எறியக் கை வரவில்லை. தீவனச் சாக்கில் மண்ணோடு வைத்துக் குளியலறைக்குப் பின்னால் ஒளித்தார்.

போனில் மகள் கேட்கும்போதெல்லாம் செடி ஜோராக இருப்பதாகச் சொன்னார். காய் செவந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னதாக ஒருநாள் கேட்டாள். செவந்துகொண்டே இருக்கிறது என்றார். அந்தப் பெருமையான செய்தியை நம்பித் தை மாதம் கோகிலவாணி பஸ் ஏறிவிட்டாள்.

இதில் சென்றாயனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. குத்தாக நிற்கும் மிளகு, காய்க்கிற பக்கக் கிளையை ஒடித்து வேர் பிடிக்க வைத்தது. அவர் வாங்கி வந்ததோ ஏறுகொடியின் துண்டு. அது தன் குணப்படி நாற்பது நாளில் முழ நீளத்துக்குத் தலையை நீட்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கோகிலவாணி பையை வாசலிலேயே வைத்தாள்.

"இது ஏறுற கொடிங்க. என்ற செடி எங்க?"

அவளைக் குளியலறைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். அவள் சாக்கில் இருந்த குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளேயும் காய்ந்திருந்தது. மண்ணைத் தொட்டாள். ஈரமாக இருந்தது.

"செத்ததுக்கு எதுக்குங்க தண்ணி?"

"தெனம் காலைல ஊத்தோணும்னு நீதான சொல்லிட்டுப் போன."

"இத்தன நாளுமா ஊத்துனீங்க?"

"ஒருநாளும் உடல."

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஊன்றினால் தழைக்கும் கல்யாண முருங்கைப் போத்து ஒன்று வெட்டிவரச் சொன்னாள், கொடிக்குப் பிடிமானம் வேண்டுமாம். வெட்டி வந்தார். வாளிக்குப் பக்கத்தில் குழி தோண்டி ஊன்றினார்கள். கையைக் கழுவிக்கொண்டே, பையை உள்ளே எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார்.

"மொதல்ல போத்து தழையட்டுங்க" என்றாள்.

பை இப்போது கதவுக்கு உள்பக்கம் நாற்காலி மேல் இருக்கிறது. ஜிப்பைத் திறக்கவில்லை. போத்திலும் இன்னும் தளிர் இல்லை. சென்றாயன் காலையில் இரண்டையும் பார்த்துவிட்டு, உடம்பு சுடுகிறதா என்று அவளையும் ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் பண்ணைக்குப் போகிறார்.